பூதத்தோடு பேரம்

நாகூர் மீரான் ஒன்று நினைத்துவிட்டால் நினைத்ததுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நினைத்தது, பெண்டாட்டி சாயிராவின் ஆசைக்கு ஒரே மத்தியானத்தில் முடிவு கட்டிவிட வேண்டும் என்று.

ஆசை வேறொன்றுமில்லை. தாராவியில் அவர்களுடைய கார்கானாப் பட்டறையில் தைக்கிற தோல் பைகளின் சாம்பிளை எடுத்துக்கொண்டு, ஃபோர்ட் கடைவீதியில் கடை வைத்திருக்கும் சேட்டிடம் இனி அவளே போய்ப் பேச வேண்டுமாம். மீரான் தையலில் புலி. ஆனால் சேட்டைக் கண்டால் தலை தானாக ஆடும். போன தடவை ஆர்டர் வாங்கப் போனவர், சேட்டின் மூன்று பிள்ளைகளுக்கும் ஸ்கூல் பை இனாமாகத் தைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தார். இருந்தாலும், பொம்பளை கடையேறி வியாபாரம் பேசுவதா என்று ஒரே பிடி.

அப்போதுதான் சாயிராவின் தம்பி அபுதாஹிர் வந்து இறங்கினான். கப்பலில் வேலை. எண்பத்தைந்தாம் வருஷம் அது. அமெரிக்காவில் வாங்கிய ஒரு பெட்டியைத் திறந்தான். ஒரு புத்தகம், பென்சில், இருபது முகமுள்ள ஒரு பகடை. பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: பேர் என்ன, பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, ஆணா பெண்ணா. பிறகு குகைக்குள் போய்ப் பூதத்திடமிருந்து புதையலைக் கொண்டுவர வேண்டும். எல்லாம் வாயாலேயே. குகையும் பூதமும் அபுதாஹிர் பொறுப்பு.

"ஆணும் பொண்ணும் எது வேணா செய்யலாம் மச்சான். புஸ்தகத்துல பேதமே இல்ல."

"அது அவன் ஊரு வழக்கம். நம்ம வீட்டுக்கு நம்ம சட்டம். எழுதுப்பா."

எழுத வைத்தார். படையில் ஆண் ஒருத்தன், பெண் ஒருத்தி. வாளும் குதிரையும் ஆணுக்கு, சோற்றுச் சட்டி பெண்ணுக்கு. வெளியாளிடம் பேசுவது ஆண் மட்டுமே. சட்டியைச் சுமந்து குகையை ஒரு சுற்றுச் சுற்றினால் இவளுக்கு ஆசை விட்டுப்போகும் என்று மனசுக்குள் சிரிப்பு வேறு.

"எழுதியாச்சுல்லா? பொறவு மாத்தப்படாது" என்றாள் சாயிரா.

"மாத்துனா நான் மீரானில்ல."

வேஷத்தை முதலில் யார் எடுப்பது என்று பகடை போட்டார்கள். மீரானுக்கு நாலு. சாயிராவுக்குப் பதினேழு.

"நான் ஆம்பள" என்றாள்.

மீதி இருந்தது பெண். மீரான் அக்தர் பானு என்று பேர் வைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கினார்.

சாயிராவின் வீரன் வாசலிலேயே படுத்துக்கொண்டு, களைப்பாயிருக்கிறது, சாயா போடு என்றான். போட்டார். சீனி கம்மி என்றான். அதற்குள் பூதம் வந்துவிட்டது. குதிரையைக் கேட்டது. வீரன் தலையாட்டினான். வாளைக் கேட்டது. அதற்கும் ஆட்டினான். மூன்றாவதாக, சமைத்துப்போட இந்தப் பொம்பளையையும் விட்டுட்டுப் போ என்றது பூதம்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றாள் சாயிரா.

"ஏட்டி நிறுத்து! நான் பேசுதேன்."

"சட்டம் இருக்கே மச்சான்" என்றான் அபுதாஹிர்.

"சட்டத்த அடிச்சுப்போடு. பேசத் தெரிஞ்சவ பேசணும். இதுல ஆணென்ன, பொண்ணென்ன?"

"மாத்துனா மீரானில்லன்னீகளே?" என்றாள் சாயிரா.

"இப்ப நான் அக்தர் பானு!"

அப்படியானால் உங்கள் கையாலேயே அடித்துக் கையெழுத்தும் போடுங்கள் என்று பென்சிலை நீட்டினாள். பூதம் கயிற்றை எடுத்துக்கொண்டு நெருங்கிவிட்டது. யோசித்துப் பார்க்க நேரமேது? கிறுக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"இந்தா பாரு பூதம். புதையல உன்னால திங்க முடியுமா? எத்தன வருஷமாச்சு நீ சுடுசோறு பாத்து? கறி ஆணம் மணக்குதா? புதையல் பெட்டி, குதிரை, வாளு, மூணையும் இங்க தள்ளு. சட்டிய அங்க தள்ளுதேன்."

பூதம் இணங்குமா என்று பார்க்கப் பகடையை வீசினார். டிரங்குப் பெட்டிக்கு அடியில் உருண்டது. குப்புறப் படுத்துப் பார்த்தார். இருபது! துள்ளியதில் தலை பரணில் இடித்தது, வலி தெரியவில்லை. சந்து முழுக்கக் கேட்கும்படி, அக்தர் பானு மாதிரி பேரம் பேச எந்த ஆம்பளையால் முடியும் என்று கத்தினார்.

சாயிரா தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஃபோர்ட் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் சாயிரா. பக்கத்தில் சாம்பிள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மீரான். கண்டக்டர் ஆம்பளையைப் பார்த்து, எங்கே போகணும் என்று கேட்டார்.

"அவகள கேளுங்க" என்றார் மீரான்.