ரீப்ளேஸ் அக்காவும் மூடாத பிராக்கெட்டும்

ஒரு சொல்லைக் கண்ணால் தேடுவதை மகா பாவமாக நினைத்த ஒரே பிறவி, இந்த உலகத்திலேயே எங்கள் ரீப்ளேஸ் அக்காதான். ஒரகடம் பக்கம் ஒரு தகடு அடிக்கும் ஃபேக்டரியில், வேலைக் குறிப்புகளை டைப் அடிக்கும் அறையில் அவர் எனக்கு சீனியர். அவருக்கு ஊர் பக்கத்திலேயே பென்னலூர்.

கம்ப்யூட்டரில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால், அந்த இடத்தில் எது இருந்தாலும், எவ்வளவு இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். இதைக் கற்ற நாளிலிருந்து அக்காவுக்கு எல்லாமே நட்சத்திரம்தான். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, "முன்னால 'மு', கடைசில 'ன்', நடுவுல ஸ்டாரு. முருகனோ முனியனோ, எவன் வந்தாலும் ஓகேம்மா" என்றாராம். பெற்றவள் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் மேனேஜர் வந்து, ஆடிட் வருகிறது, சூப்பர்வைசர்கள் பிராக்கெட்டுக்குள் எழுதிவைத்த சொந்தக் கதையை எல்லாம் தூக்குங்கள் என்றார். நான் பக்கம் பக்கமாகப் படிக்க உட்கார்ந்தேன்.

"லூசாடா நீ? இன்னாத்துக்குப் படிச்சிக்கினு கீற? தொறக்கிற பிராக்கெட், மூடுற பிராக்கெட், ரெண்டுக்கும் முன்னால ஒரு சாய்கோடு, நடுவுல ஸ்டாரு. அவ்ளோதான்" என்றார் அக்கா.

மாற்றிப் போடும் கட்டத்தைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல். ஒரே தட்டு. பிரிண்ட் எடுத்து மெஷின் மெஷினாக ஒட்டியும் ஆயிற்று.

மத்தியானம் பிரஸ் மெஷின் குறிப்பின் நகலைச் சும்மா புரட்டினேன். 'தகட்டை உள்ளே வை' என்பதற்கு அடுத்த வரியே 'பட்டனை அழுத்து'. நடுவில் இருந்த 'கையை வெளியே எடு' எங்கே? எந்தப் புண்ணியவானோ பிராக்கெட்டைத் திறந்தவன், மூடாமல் டீ குடிக்கப் போயிருக்கிறான். நட்சத்திரம் அடுத்த பிராக்கெட் மூடும் இடம்வரை போய், வழியில் இருந்த அத்தனையையும் விழுங்கியிருக்கிறது.

"யக்கா, நம்ம மாரி இன்னைக்குத்தான் புதுசா அந்த மெஷின்ல நிக்கான். எழுதியிருக்கத அப்படியே செய்வான்" என்றேன். மாரி என் ரூம்மேட், என்னை மாதிரியே தெற்கத்திக்காரன்.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் லைனுக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மாரி தகட்டோடு உள்ளே கையை விட்டுக் குனிந்துகொண்டிருந்தான். அக்கா அவன் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் தரையில் கிடந்தார்கள்.

"கையக் காட்டுடா."

பாவம், அவன் பயந்துபோய் நீட்டினான். அக்கா பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எதையுமே கண்ணால் தேடாத அக்கா. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அன்று எல்லாக் குறிப்புகளையும் கழற்றி வரச்சொல்லி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

மாரி இன்றைக்கும் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பரோட்டாவைப் பிய்த்துப் போடுகிறான். பார்க்கும்போதெல்லாம், வேலையை விட்டுப் போய்விட்ட அக்கா எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.