இன்னும் கொஞ்சம் கெட்டியாக

மனிதர்களில் கெட்டிப்பூச்சுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களை எதுவும் அழிக்காது, அவ்வளவு பத்திரமாக இருப்பார்கள். புதிதாக வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், அதன் மேல் ஒரு துணி விரித்து, துணி அழுக்காகிவிடுமே என்று அதற்கும் மேல் ஒரு துண்டு போட்டு, கடைசியில் வீட்டுக்கு வந்தவரைத் தரையில் உட்காரச் சொல்பவர் இந்த இனம். அவர் ஒட்டிய பார்சலைப் பிரிக்க ரம்பம் வேண்டும். அவர் மூடிய பாட்டிலை அவராலேயே திறக்க முடியாது. கேட்டால், "உள்ள இருக்கிறது பத்திரமா இருக்குல்ல?" என்பார். இருக்கிறதுதான். யாருக்கு?

இந்த இனத்தை வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். சம்பளமும் கொடுத்துப் பூச்சு வேலையிலேயே உட்கார வைத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒருவரை அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள். இரும்புத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பூச்சுப் பிரிவுக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் கெட்டியார்.

அங்கே நடப்பது இதுதான். துத்தநாகத்தோடு அலுமினியமும் மெக்னீசியமும் சேர்த்து உருக்கிய தொட்டியில் தகடு முங்கி எழும். எழுந்ததும் இரண்டு பக்கமும் காற்றை ஊதி, அதிகப்படியை வழித்துவிடுவார்கள். காற்றைக் குறைத்தால் பூச்சு தடிக்கும், துரு லேசில் கிட்ட வராது. ஆனால் தடித்த பூச்சுக்கு வளையத் தெரியாது. தகட்டை மடக்கினால் மடிப்பில் வெடிக்கும், உதிரும். அந்த வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி, எந்தத் துருவுக்குப் பயந்து இத்தனையும் பூசினார்களோ அதே துரு சாவகாசமாகக் குடியேறும். துருவுக்கும் மடிப்புக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் கெட்டியாருக்குச் சம்பளம். அவரோ, தகட்டை மடக்குவார்கள் என்பதையே யாரோ வேண்டாதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி என்று நினைத்தார்.

மடக்கும் பிரிவின் மேற்பார்வையாளர் வேறு யாருமல்ல, கெட்டியாருடைய தங்கையின் கணவர்.

"மச்சான், பூச்சைக் கொஞ்சம் குறைங்க. மடக்கினா சில்லு சில்லாப் பேந்து வருது."

"நீங்க மெதுவா மடக்குங்க மாப்ள."

"மெஷினுக்கு மெதுவா மடக்கத் தெரியாது மச்சான்."

"அப்ப மடக்காம இருக்க ஒரு வழி பாருங்க."

மடிப்பே இல்லாத பீரோவை எந்தக் கடையில் விற்பது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. பெண் எடுத்த இடம் ஆயிற்றே.

இப்படி இருக்கையில், சலவை இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று மாதிரி பார்க்க வருவதாகச் சொன்னது. மாதிரி தேறினால் மடக்கும் பிரிவுக்கு நிறைய வேலை. தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பூச்சு எவ்வளவு என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி அளவைக் குறித்தார்கள். கெட்டியாரும் தலையாட்டினார்.

மாதிரி பார்க்க வரும் நாளன்று காலையில் தங்கை வந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாளாவது சொன்ன அளவிலயே விட்டுடு. அவர் வேலையே இதுலதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதாம்மா? உன் குடும்பத்தை நான் விட்டுடுவேனா?"

கண் கலங்கித்தான் சொன்னார், அதில் நடிப்பு கிடையாது. வினையே அங்கேதான். பாசம் வந்துவிட்டால் கெட்டிப்பூச்சுக்காரரின் கை சும்மா இருக்காது. ஊரார் தகடாக இருந்திருந்தால் குறித்த அளவிலேயே விட்டிருப்பாரோ என்னவோ. இது தங்கை வீட்டுச் சோற்றுக்கான தகடு. காற்றுத் திருகை ஒரு சுற்றுக் குறைத்தார். வாசல் வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

பிற்பகலில், வந்திருந்த கம்பெனியின் பரிசோதகர் முன்னால் அந்தத் தகட்டை மடக்கினார்கள். அவர் மடிப்பின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாடா முழுவதும் வெள்ளிச் சில்லுகள். மாப்பிள்ளை தன் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். கெட்டியார் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மடிப்பை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் அப்பவே நினைச்சேன். பூச்சு பத்தல."

பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை நின்ற நிலையைப் பார்த்ததில் வரவில்லை.

பரிசோதகர் நல்ல மனிதர். "திங்கட்கிழமை திரும்ப வரேன். பேசின அளவு மாறக்கூடாது. மாறுச்சுன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கெட்டியாருக்குக் கட்டாய விடுப்பு என்று முடிவாயிற்று. விருந்துக்கு அழைத்து, வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிடும் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டாள்.

சரி, திருகின் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது? கெட்டியாரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்த உங்களை விட்டால் பொருத்தமானவர் யார்? வாருங்கள், இப்படி உட்காருங்கள். திருகு சரியான அளவில் நிற்கிறது. உங்களுக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான், ஒன்றும் செய்யாமல் இருப்பது. தகடு ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் கோடியில் மெஷின் பக்கத்தில் மாப்பிள்ளை வியர்த்துப்போய் நிற்கிறார். பாவம், நல்ல மனுஷன், நம்மால் ஆனதை அவருக்கு ஏதாவது செய்தால் என்ன என்று இருக்கிறது, இல்லையா? தகட்டை இங்கிருந்து பார்த்தால் பூச்சு ஒரு துளி மெலிசாகத் தெரிகிறதோ?

கையை எடுங்கள்.