பால்பாண்டியின் புளியமுத்துகளும் என் கால அட்டவணையும்

ராஜபாளையம்,
30.5.98, சனிக்கிழமை

அன்புள்ள மைத்துனன் ஐயாதுரைக்கு,

உன் அத்தான் ராஜரத்தினம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் தங்கபாயும் சுகம். அவளுடைய முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதி என் கம்ப்யூட்டரால் வந்தது என்கிறாள். பம்பாயில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ஆபீஸ் முடிந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன், சி மொழி படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, "அத்தான், புரோகிராமுல ஒரு தப்பும் இல்லைன்னு அதுவே சொல்லுது. பொறவு ஏன் ஓட மாட்டேங்குது?" என்றாய். "நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் அப்படிச் சொன்னால் விடை தெரியாது என்று பொருள். மறுநாள் நீ ரயிலேறிவிட்டாய், நானும் தப்பித்தேன். ஐந்து மாதம் கழித்து இன்று விடை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடக் கால அட்டவணையைப் போட்டுக் கொடுத்தது என் புரோகிராம். இதை அடக்கத்தோடு சொல்ல முயற்சி செய்தேன், வரவில்லை.

நடந்தது இதுதான். ரிட்டயரான கையோடு நான் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றி வைத்திருந்தேன். எழுதியதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றுகிற கம்பைலர் அதிலேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தலைமையாசிரியை ஞானபாக்கியத்திடம், பதினான்கு வகுப்பு, வாரத்துக்கு முப்பத்தைந்து பீரியடு, ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்காதபடி கம்ப்யூட்டரே அட்டவணை போடும் என்று வாய் விட்டுவிட்டேன். பக்கத்தில் டிரில் மாஸ்டர் பால்பாண்டி நின்றிருந்தார். ஒன்பது வருடமாக அட்டவணை போடுகிறவர் அவர்தான். பள்ளிக்கூட ஹாலில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு, ஓர் ஆசிரியருக்கு ஒரு நிறம் பூசிய புளியங்கொட்டைகளை நகர்த்தி நகர்த்தி மூன்று நாளில் முடித்துவிடுவார். அவருக்கு மட்டும் முதல் பீரியடு எப்போதும் காலியாக வரும், டீக்கடை அந்த நேரத்தில்தான் கூட்டமில்லாமல் இருக்கும். "சார்வாள், புளியமுத்துக்குக் கரண்டு வேண்டாம்" என்றார். ஞானபாக்கியம் சிரிக்காமல், "ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை பிரேயருக்கு முன்னாடி போர்டுல ஒட்டியிருக்கணும் சார். இல்லைன்னா பால்பாண்டி சார்ட்ட சொல்லிருவேன்" என்றார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், எனக்குப் பாராட்டுவிழா நடத்திய அதே ஹாலில், நான் புளியமுத்திடம் தோற்க வேண்டுமா, நீயே சொல்.

புரோகிராமை எழுதி முடித்து முதல்முறை கம்பைல் செய்தபோது எழுபத்துமூன்று தப்பு என்றது. அவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, வரிசையாகத் திருத்தினேன். மறுபடி ஓட்டினால் தொண்ணூறு. அப்புறம்தான் புரிந்தது. டிரில் வகுப்பில் முன்னால் நிற்கிறவன் வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் திரும்பினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் திரும்புவார்கள். அத்தனை பேரையும் அடிக்கக் கூடாது. முதல் தப்பை மட்டும் பார்த்தேன்: எங்கோ மூட மறந்த ஓர் அடைப்புக்குறி. அதை மூடினேன், எண்பத்தேழு தப்பு தானாகப் போய்விட்டது. மீதி மூன்றும் உண்மையிலேயே என்னுடையவை, ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குள் மே மாதம் வந்துவிட்டது. ராஜபாளையத்து மே உனக்கு மறந்திருக்காது. மத்தியானத்தில் கம்பைல் செய்தால், 'சிக்னல் பதினொன்று' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒரு தடவை நாற்பதாவது வரியில், அடுத்த தடவை முந்நூறாவது வரியில், காலையில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. நான்கு நாள் என் புரோகிராமைத் துருவினேன். ஐந்தாம் நாள் எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஒரே விடைத்தாளை மூன்று தடவை திருத்தி மூன்று விதமாக மார்க் வந்தால் கோளாறு பையனிடமா இருக்கிறது? திருத்துகிற வாத்தியாரிடம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து விரலை வைத்தேன், தோசைக்கல். வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன், கோளாறு நின்றது. உன் அக்காள் வந்து பார்த்து, "எனக்கு வேர்க்குது, ஒங்க கண்ணுக்குத் தெரியல. அதுக்கு வேர்க்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மூன்று மத்தியானம் அங்கேதான் படுத்தாள். முழங்கால் வலி அந்தத் தரையால் வந்தது என்பது அவள் கட்சி.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலையில் ஒரு தப்பும் இல்லாமல் கம்பைல் ஆயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பலாமா என்று இருந்தேன். அடுத்த படியில், 'மோதல் என்று ஒன்றைக் கூப்பிட்டிருக்கிறாய், அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. மோதல் என்பது நான் எழுதிய பகுதிதான். ஒரே ஆசிரியர் இரண்டு இடத்தில் வருகிறாரா என்று பார்ப்பது அதன் வேலை. அதையும் அது போன்ற வேறு சிலவற்றையும் 'லைப்ரரி' என்கிற ஒரு நூலகக் கோப்பாகக் கட்டி வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் 'பேண்டு வாத்தியம் உண்டு' என்று அச்சடிக்கிற அச்சகத்துக்காரன் எழுத்தைத்தான் பார்ப்பான். பேண்டு வந்ததா என்று பார்ப்பது கல்யாண வீட்டுக்காரன் வேலை. கம்பைலர் அச்சகத்துக்காரன், அதற்கு அடுத்த படியில் துண்டுகளை ஒன்றுசேர்க்கிற லிங்கர் கல்யாண வீட்டுக்காரன். உன் புரோகிராமில் தப்பில்லை என்று சொன்னவன் வேறு, ஓடாது என்று சொன்னவன் வேறு. இதுதான் மாப்பிள்ளை உன் கேள்விக்கு விடை.

ஆனால் என் பேண்டு வாசலிலேயே நிற்கிறதே, அது ஏன் இல்லை என்கிறது? வியாழன் முழுக்கப் பார்த்தேன். லிங்கருக்குக் கொடுத்த கட்டளையில் நூலகத்தின் பெயர் இருக்கிறது. அதுவும் முதலாவதாக இருக்கிறது. மற்ற கோப்புகள் எல்லாம் அதனிடம் போய்த்தான் கேட்கின்றன, எல்லாருக்கும் கொடுக்கிற பெரிய ஆள் அது; பெரியவர் பெயரை முதலில் போடாமல் நம் ஊரில் யாராவது எதையாவது எழுதுவார்களா? வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டளையை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். உன் அக்காள் காய் நறுக்கிக்கொண்டே, "யாருகூடப் பேசுதிய?" என்றாள்.

"இந்தா நிக்கிற ஆள இல்லைங்குது, தங்கம்."

"எங்க நிக்காரு?"

"வரிசையில மொதல்ல."

"அவருகிட்ட வேணும்னு கேக்குற ஆளுக?"

"அவுக பின்னால."

"வெளங்கிரும். போன மாசம் மம்சாபுரத்துக் கல்யாணப் பந்தியில என்ன ஆச்சு? நாம எலை முன்னால உக்காருமுன்ன சாம்பார்க்காரன் வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான். திரும்பி வந்தானா? ரசத்தோடதான எந்திரிச்சோம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். லிங்கர் பந்தியை ஒரு தடவைதான் சுற்றுகிறது. நூலகத்தைப் பார்க்கிற நேரத்தில் அதுவரை யாராவது கேட்டிருந்தால் எடுத்துக்கொள்கிறது. யாரும் கேட்கவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. நூலகத்தின் பெயரைத் தூக்கி வரிசையின் கடைசியில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லாமல் லிங்க் ஆனது, ஓடியது, நான்கு நிமிடத்தில் பதினான்கு வகுப்புக்கும் அட்டவணை வந்தது. கிருஷ்ணன்கோவில் பஸ்ஸில் போகிற இன்ஜினியரிங் பிள்ளைகள் இரண்டு பேரிடம் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

இன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால்பாண்டி ஹாலில் கட்டம் போட்டு, என் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் புளியமுத்து அடுக்கினார். பொறவு கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "மோதல் ஒண்ணுகூட இல்ல, சார்வாள்" என்றார். மாப்பிள்ளை, எனக்கு நல்லாசிரியர் விருது வந்ததில்லை. இனிமேல் வந்தாலும் இரண்டாவதுதான்.

உன் வீட்டாருக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நோயும் உள்ளே சமாதானமும் நிற்க எங்கள் ஜெபம்.

இப்படிக்கு,
தப்பில்லாத அட்டவணைக்குச் சொந்தக்காரன்,
உன் அத்தான் ராஜரத்தினம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை. நல்லவேளை, கடிதத்தைத் தபாலில் போடவில்லை. காலையில் என் அட்டவணையைப் போர்டில் பார்க்கலாம் என்று தேய்த்த சட்டையோடு போனேன். பிரேயர் முடிந்து முதல் பீரியடு மணி அடித்தது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் மட்டும் ஆசிரியர் இல்லை. போர்டைப் பார்த்தோம்: கணக்கு, ஆர்.ஆர். ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதினேன், என்னையும் எழுதியிருக்கிறேன். வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியடு. "சனிக்கிழமையே பாத்தேன் சார்வாள். நீங்க மோதல் இருக்கான்னுதான கேட்டிய?" என்கிறார் பால்பாண்டி. வீட்டுக்கு ஓடிவந்து என் பெயரை எடுத்துவிட்டு ஓட்டினால், ஆள் போதாது, அட்டவணை போட முடியாது என்கிறது. மறுபடி பஸ்ஸேறிப் போய்ச் சொன்னேன். "ஒங்க எடத்துக்கு இன்னும் ஆள் போடல சார். போர்டுல ஒட்டியாச்சு, பசங்களும் எழுதிக்கிட்டாங்க" என்றார் ஞானபாக்கியம். நாளை காலை எட்டு மணி பஸ்ஸில் பாடம் எடுக்கப் போகிறேன். உன் அக்காளுக்கு டேபிள் ஃபேன் திரும்பக் கிடைத்துவிட்டது. கம்பைலரும் லிங்கரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆகவே நீ அடுத்த தடவை எதையும் ஓட்டுவதற்கு முன், அதற்குள் கொடுத்திருக்கிற பட்டியலை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்.