கரளண்ணனும் என் வாய்க்கொழுப்பும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் வண்டவாளம்தான் வெளியே வரும். விட்டுவிடவும் முடியவில்லை.

கழக்கூட்டம் என்ற ஊரில், ஏன், கேரளம் முழுக்கவே, கரளண்ணன் அளவுக்குத் தன் ஈரலைப் பற்றிப் பேசிய மனிதர் கிடையாது. நாகர்கோவில்காரர், ஐ.டி. பார்க்கில் உத்தியோகம், ஒல்லிக்குச்சி உடம்பு. நான் அங்கே கேப் ஓட்டுகிறவன்; பிளஸ் டூவைப் பாதியில் விட்ட மேதை. இன்னும் நாலைந்து பேரோடு இருவருக்கும் ஒரே வாடகை வீடு.

ஆபீஸ் செக்கப்பில் அவருக்கு ஃபேட்டி லிவர் என்று வந்தது. மலையாளத்தில் ஈரலுக்குக் கரள் என்று பேர். காதலியைக் கொஞ்சுவதும் "என்டெ கரளே" என்றுதான். எனக்கு வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலமே பேர் வைத்தாயிற்று.

"கரளண்ணே, ரகசியமா ஊத்துறீரு, என்னா?"

"லே, ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்காதவனுக்கும் வரும், கேட்டியா."

"எல்லாக் குடிகாரனும் அதத்தான் சொல்லுகான்."

அதன்பின் அவர் லிஃப்டில் ஏறவில்லை, என் கேப்பிலும் ஏறவில்லை. ஹைவே ஓரமாக நடந்தே ஆபீஸ் போவார். டிராஃபிக்கில் மாட்டி நிற்கும் என்னை முந்தும்போது கண்ணாடியைத் தட்டி, "எறங்கி நடலே!" என்பார். ஒருநாள் நான் வண்டி கழுவும் ஹோஸை நறுக்கி, உள்ளே படிந்திருந்த பாசியைக் காட்டினார்.

"ஈரல்ல கொழுப்பு சேந்தா ரத்தக் குழாயிலயும் இப்படிப் படியதுக்கு வாய்ப்பு கூடுதல்லே. ஈரலுக்கு முந்தி நெஞ்சு மக்கர் பண்ணிரும். பொரோட்டாவக் கொற."

"ஆயில் மாத்துனா சரியாவும்லா அண்ணே?"

வீடே சிரித்தது. ஹோஸ் போச்சே என்பதுதான் என் கவலை.

அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஸ்ரீவராகம் என்ற இடத்தில் அவருக்கு ஒரு பெண் அமைந்து வந்தது. மனிதர் புதுச் சட்டையே எடுத்துவிட்டார். கூடத் தங்கியிருப்பவன் என்று பெண்ணின் மாமா விசாரிக்க எனக்குப் போன் போட்டார்.

"பையன் எப்படி தம்பி?"

"தங்கம் சார். கரளுக்குத்தான் கொஞ்சம் சுகமில்ல."

"ஐயோ, எதனால?"

"அத என் வாயால சொல்லணுமா சார்?" என்று சிரித்தேன்.

விளையாட்டுத்தான். ஆனால் அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரளண்ணன் அந்தச் சட்டையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தார். "வேண்டாம்னுட்டாங்கலே," என்றார். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த மாதம் அவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

போன வாரம் டிரைவர்களுக்குச் செக்கப். டாக்டர் என் ஸ்கேனைப் பார்த்தார்.

"கரளில் கொழுப்பு. குடி உண்டோ?"

"சத்தியமா இல்ல டாக்டர்!"

பக்கத்தில் நின்ற நர்ஸ் லேசாகச் சிரித்தாள். அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. அன்று போனில் நான் சிரித்தது. டாக்டர் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் பார்க்கச் சொன்னார். ரத்தக் குழாயையும் கவனிக்க வேண்டுமாம். நறுக்கிய ஹோஸ் கண் முன்னால் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே மெசேஜ் அனுப்பினேன்: "அண்ணே, எனக்கும் கரள்தான். அன்னைக்கிப் பொண்ணு வீட்டுல ஒம்மப் பத்தித் தப்பாச் சொன்னது நான். மன்னிச்சிரும்."

உடனே பதில் வந்தது:

"அப்பவே தெரியும் கரளே, காலைல அஞ்சரைக்கு நடக்க வா."