தயிருக்கு உறை ஊற்றியவள்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நான் எதைச் சொன்னாலும் பிழை என்பது என் மனிசன் பரராசசிங்கத்தின் தீர்ப்பு.

அவருக்குச் சீனி வருத்தம். "அடுத்த செவ்வாயும் குறையாட்டி இன்சுலின் ஊசிதான்" என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஊசி போடுவது யார்? நான்தான். கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற நான்.

அவருக்கோ ஐஸ்கிறீம் இல்லாமல் ஏலாது. கனடாவிலிருந்து மகள் சயந்தினி ஒரு வழி சொன்னாள்.

"அம்மா, சீனி போடாமல் தயிரைத் தட்டில ஊத்தி, பப்பாசித் துண்டு தூவி உறைய வையுங்கோ. பிறகு உடைச்சுக் குடுங்கோ."

உறைய வைப்பதா? தயிர் ஏற்கெனவே உறைந்ததுதானே? பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கரண்டி உறைமோரும் ஊற்றி, அடுப்படியில் மூடி வைத்தேன். காலையில் புளித்த மணம் வாசல் படலைவரை போனது.

அவர் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, கேட்டியளே? என்ர மனிசி தயிருக்கே உறை ஊத்தினவ!"

"ஐயோ தம்பி, பிறகு?"

"பிறகென்ன, பப்பாசி ஊறுகாய்தான்!"

என் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், குளிர்ப்பெட்டியில கட்டியாக்கிறதைத்தான் பிள்ளை சொன்னவள். இது படிச்ச ஆக்களின்ர வேலை. இனி நான்தான் செய்வன். நீர் குசினிப் பக்கம் வராதையும்."

நாலு நாள் அவரே செய்தார், அவரே தின்றார், தட்டையும் வழித்து நக்கினார். சீனியில்லாத தயிருக்கா இந்த ஆசை? எனக்குப் பயம் பிடித்தது. ஒளித்து ஒரு கிண்ணம் வெறும் தயிரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். கருங்கல். அவருடையது மட்டும் வெண்ணெய்.

விறகுக் குவியலுக்குள் எறும்புகள் வரிசையாகப் போயின. நானும் பின்னால் போனேன். உள்ளே மூன்று ரின்பால் பேணி, சீனி போட்ட கட்டிப்பால் தகரம். மூன்றும் வெறும் பேணி.

கேட்டால் அவருக்குப் பிரஷர் ஏறும். கேட்காவிட்டால் சீனி ஏறும். பயந்துபோய் அவரிடம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய தட்டிலிருந்து இரண்டு துண்டை பிளாஸ்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிளினிக்கில் இரத்தம் பார்த்த தாதி மிஸ் முகத்தைச் சுளித்தார்.

"சீனி ஏறியெல்லோ கிடக்கு? என்னம்மா குடுத்தனீங்கள்?"

"வெறும் தயிர், மிஸ்" என்று இவர் முந்திக்கொண்டார்.

"ஓம் மிஸ், வெறும் தயிர்தானாம். எனக்குப் படிப்பில்லை, சரி பிழை தெரியாது. நீங்களே ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்கோ."

உருகியிருந்ததை பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினேன். மிஸ் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்.

"ஐயா, எந்த ஊர் மாடு இது? ரின்பால் கறக்குதே!"

வரிசையில் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர் கூரையைப் பார்த்தார். டொக்டர் ஊசியை எழுதினார்.

மிஸ் ஊசியோடு என்னைத் தேடித்தான் வந்தார்.

"வாங்கோ அம்மா, போடுற விதம் காட்டித் தாறன்."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நான் தயிருக்கே உறை ஊத்தினவள், மிஸ். இது படிச்ச ஆக்களின்ர வேலை. அவருக்கே காட்டிக் குடுங்கோ."