கெண்டைக்குச் சொன்ன வைத்தியம்

ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கிற அந்த மனிதர், வீட்டில் தன் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான். மனைவி அரைமணி நேரம் பேசினால் பதிலுக்கு ஒரு 'ம்' விழும். அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்கு அடியில் ஓடுகிற ஓடையில் துண்டைப் போட்டு ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். விரல் நீளம்தான். வாலருகே மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. மணல், பாசி, கல் எல்லாம் தடபுடலாக வந்தன. விருந்தாளிதான் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. டப்பாவில் வாங்கிய உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் வயிறு ஒட்ட ஒட்ட, இவருக்கும் சோறு இறங்கவில்லை.

"பாவங்க, கொண்டுபோய் ஓடையிலேயே விட்டுடுங்க," என்றாள் மனைவி. அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள், "எதுக்கும் தொட்டி வாங்கின மீன்கடைத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்," என்றாள்.

கடைக்காரர் வைத்தியம் சொன்னார். ஓடையில் பிடித்த மீன் மனுஷ வாடைக்கே மிரளும். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பேச்சுக் கொடுக்க வேண்டும். குரல் பழகினால் பயம் தெளியும், பயம் தெளிந்தால் தீனி எடுக்கும். முணுமுணுத்தால் போதாது, அடுக்களைக்குக் கேட்கிற அளவுக்காவது பேச வேண்டும்.

மலையைத் தூக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. இருந்தாலும் உயிர் விஷயமாயிற்றே. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமி, "இன்னைக்கு நல்ல வெயில்," என்று ஆரம்பித்தார். மறுநாள் முதலாளியைப் பற்றிச் சொன்னார். அப்புறம் முழங்கால் வலியைப் பற்றி. மடை திறந்துவிட்டது. ஒருநாள், "அவ சமையல் நல்லாயிருக்குன்னு ஒரு நாளாவது சொல்லணும்னு நெனைப்பேன். வாய்தான் வராது," என்றுகூட மீனிடம் சொல்லிவிட்டார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

மீன் தேறியது. வயிறு உப்பி, கண்ணாடி ஓரம் வந்து அவரைப் பார்த்து வாயை வாயைத் திறந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் வேலை முடிந்த கையோடு கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனார்.

"என்னண்ணே, புழு தீர்ந்துடுச்சா? அக்கா நேத்துதானே வாங்கிட்டுப் போனாங்க," என்றார் கடைக்காரர்.

"என்ன புழு?"

கடைக்காரர் மென்று விழுங்கிக் கடைசியில் உண்மையைக் கக்கினார். ஓடை மீன் உருண்டைத் தீனியைச் சீந்தாது. நெளிகிற புழு வேண்டும். இவர் கடைக்கு வருவதற்கு முன்பே அக்கா வந்து எல்லாம் விசாரித்துவிட்டாள். இவர் வேலைக்குப் போனதும் புழுவைப் போடுகிறாள். பேச்சு வைத்தியமும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். "மீனுக்கு நீங்க பேசினாலும் ஒண்ணுதான், பேசாட்டியும் ஒண்ணுதாண்ணே. அக்காவுக்குத்தான்..." என்று இழுத்தார்.

அன்று மாலை வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். இனி ஒரு வார்த்தை கிடையாது. தொட்டி முன் உட்கார்ந்து மீனை முறைத்தார். அடுக்களையிலும் சத்தமில்லை.

ஆனால் அன்றைக்கென்று பார்த்து வேலையில் அப்படியொரு கூத்து நடந்திருந்தது. எவ்வளவு நேரம்தான் அடக்கிவைப்பது?

"இன்னைக்கு ஒரு பெரியவரும் அவரு சம்சாரமும் வந்தாங்க," என்று மீனைப் பார்த்து ஆரம்பித்தார். "பல்செட் கடிக்குதுன்னு அவரு ஒரே புலம்பல். கழட்டிப் பாத்தா, அது அந்தம்மாவோட செட்டு. அந்தம்மா அவரோடதைப் போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்காங்க..."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பில் அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அப்படி வந்து உட்கார்ந்தது அவருக்குப் பிடித்திருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. அவள் பக்கம் திரும்பாமல், "மீன் சாப்பிடணுமேன்னுதான் பேசுறேன்," என்றார்.

"அது அப்பவே சாப்பிட்டாச்சு. நீங்க மேல சொல்லுங்க," என்றாள்.