ஜீப்பில் ஏறிய ஆறு உரிமைகள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் என்னை நடத்தச் சொன்னதில்லை. காரணம் நியாயமானது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தொழில் ஜீப் ஓட்டுவது. விடிந்ததும் சிலமலையிலிருந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் உள்ள ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்பக் கூட்டி வருவேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிழைத்துவிடலாம்.

என் கூச்சம் மகள் கவிதாவுக்கும் அப்படியே வந்துவிட்டது. (என் மூக்கு வராமல் போனதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த சமயம்.) ஏழாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டிக்காக மேடை ஏறினாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டாள். அதோடு வகுப்பில் ஆஜர் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். கையை மட்டும் தூக்குவாளாம்.

எட்டாம் வகுப்பில் டீச்சர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். நம் அரசியலமைப்பு தரும் ஆறு அடிப்படை உரிமைகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் தர வேண்டும். அவ்வளவுதான். கவிதா ஒரு வாரம் படித்தாள். மூன்றாவது உரிமைக்கு வந்ததும் முதல் உரிமை காணாமல் போகும்.

"இந்த வாட்டியாவது முழுசா சொல்லிப்புடணும்ப்பா. இல்லேன்னா இனிமே மேடைப் பக்கமே போகமாட்டேன்" என்றாள்.

வாய் அவளுடையது, அதைச் சொன்ன கூச்சம் என்னுடையது. அந்த நேரத்தில்தான் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

தொழிலாளர் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே உட்கார்வது என்பது எழுதாத சட்டம். இடம் மாறி உட்கார்ந்தால் மேடு ஏறும் வரை சண்டை நடக்கும். ஆறு பேர், ஆறு இடம். இங்கே ஆறு உரிமை. ஆளுக்கொன்றாக ஏற்றிவிட்டால் எப்படி மறக்கும்?

முன்சீட்டு பேச்சியம்மா அக்காவுக்குச் சமத்துவ உரிமை. (யாருக்கும் அந்தச் சீட்டை விட்டுக்கொடுத்ததில்லை. எதிர்மறையாக இருந்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்பது என் ஆராய்ச்சி.) அவருக்குப் பின்னால் முத்துமாரி, ஓயாத பேச்சு, ஆகவே சுதந்திர உரிமை. அடுத்து வேலுத்தாய், பக்கத்து ஆளின் தோளைக் கூலியில்லாமல் தலையணையாக்கித் தூங்குகிறவர். சுரண்டலுக்கு எதிரான உரிமை. நாலாவது நூர்ஜஹான் அக்கா. மலையடிவாரத்து முந்தல் கோயிலில் நிறுத்தாமல் போனால், "சாமிக்குச் சூடம் பொருத்திட்டுப் போ தம்பி" என்று எனக்கு நினைவூட்டுவதே அவர்தான். சமயச் சுதந்திரம். ஐந்தாவது சரோஜா. மேஸ்திரியிடம் மலையாளத்தில் கேட்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வார். கல்வி, கலாச்சார உரிமை. கடைசியாகக் காளியம்மா. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் கலெக்டருக்கு மனு எழுதுவார். தீர்வு காணும் உரிமைக்கு அவரை விட்டால் ஆளில்லை.

கவிதா இரண்டே நாளில் தலைகீழாகச் சொன்னாள். நான் மனதுக்குள் எனக்கே ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்தேன். ஆட்களை மனதுக்குள் வைத்துக்கொள், வெளியே உரிமையை மட்டும் சொல் என்று சொல்லவில்லை.

போட்டி நாளன்று மழை. தோட்டத்தில் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார எனக்கு வெட்கம். முந்தின நாளே ஜீப்பில் லேசாகச் சொல்லியிருந்தேன். "நம்ம பிள்ள பேசுறதக் கேக்காம வீட்ல என்ன சோலி" என்று ஆறு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வலிய வந்த ஆபத்து என்று சொல்ல முடியாது. நானே ஓட்டிக் கூட்டிக்கொண்டு போன ஆபத்து.

அவர்கள் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

கவிதா மேடை ஏறினாள். வணக்கம் சொன்னாள். குரல் வந்தது. என் கண் கலங்கிவிட்டது. அது மொத்தம் பத்து விநாடி நீடித்தது.

"முதலாவது, சமத்துவ உரிமை. எல்லாரும் சமம். ஆனா எங்கப்பா ஜீப்புல பேச்சியம்மா பெரியம்மா முன்சீட்டை யாருக்கும் குடுக்கமாட்டாங்க."

கூட்டம் சிரித்தது. பேச்சியம்மா அக்காவின் கழுத்து மெதுவாகத் திரும்பி என்னைத் தேடியது. தூண் போதவில்லை.

"ரெண்டாவது, சுதந்திர உரிமை. முத்துமாரி அத்தை முந்தல்ல தொறந்த வாயை மேட்டுலதான் மூடுவாங்கன்னு எங்கப்பா சொல்வாரு."

எங்கப்பா சொல்வாரு. அந்த அப்பாவைக் கண்டுபிடிக்க அரங்கமே திரும்பியது.

மூன்றாவதற்கு வந்தபோது கவிதா வேலுத்தாயைத் தேடி முன்வரிசையைப் பார்த்தாள். அங்கேதான் வண்டி நின்றது. வேலுத்தாய் காற்றுக்காக மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் காளியம்மா இருந்தார். மற்றவர்களும் கண்டபடி கலைந்திருந்தார்கள். மனதுக்குள் வரிசையாக இருந்தவர்கள் கண்ணெதிரே வேறு வரிசையில் இருந்தால் பிள்ளை என்ன செய்வாள்?

வாய் திறந்தபடி நின்றாள். சிரிப்பு அடங்கியது. அவள் கை மெதுவாகப் பாவாடைக்குப் போனது. போன வருடம் பிடித்த அதே இடம். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எழுந்தது முத்துமாரி. சற்று முன்பு ஊரறிய மானம் போன அதே முத்துமாரி.

"ஏ வேலு, ஒன் எடத்துக்கு வெரசா வா. பிள்ள தேடுதுல்ல. எல்லாரும் ஜீப்புல உக்கார்ற மாதிரி உக்காருங்கடி."

நாற்காலிகள் இழுபட்டன. ஒரு நாற்காலி முன்னால், ஐந்து பின்னால். நடுவர்கள் எதுவும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மா அக்கா தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டார்.

"நீயும் வா அப்பு. டிரைவர் இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

அந்தக் கடைசி வரிசையிலிருந்து முன்வரிசை வரை நடந்த தூரம் போடிமெட்டை விடப் பெரிய ஏற்றம். உட்கார்ந்ததும் என் இரண்டு கைகளும் தானாக எழுந்து ஸ்டீரிங்கைத் தேடின. கவிதா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பாவாடையை விட்டாள்.

பிறகு நிற்கவே இல்லை. சுரண்டல், சமயம், கல்வி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் முறைக்காக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மானத்தைப் பறிகொடுத்துவிட்டுச் சாய்ந்தார். ஆறாவது உரிமை முடிந்ததும் காளியம்மா எழுந்து, "அந்தக் குடிதண்ணி மனு இன்னும் நிலுவையில இருக்குன்னும் சொல்லு தாயி" என்றார். அதையும் சொன்னாள்.

பரிசு கிடைக்கவில்லை. விளக்கம் அருமை, ஆனால் தனி மனிதர்களைப் பெயர் சொல்லியிருக்கக் கூடாது என்றார் ஒரு நடுவர். திரும்பும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை. முத்துமாரி மௌனமாக வருவது எவ்வளவு பயங்கரம் என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாள் காலை பேச்சியம்மா அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வேலுத்தாயை முன்னால் போகச் சொன்னார். அன்றிலிருந்து முன்சீட்டு முறை வைத்துத்தான். ஓட்டுகிற என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. சொல்கிற நிலையில் நானும் இல்லை.

கவிதா இப்போது பதினொன்றாம் வகுப்பு. கடைக்காரர் அழுகின தக்காளியைப் போட்டாலும் நான் பேசாமல் வாங்கி வந்துவிடுவேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய், நாலு வார்த்தை பேசி மாற்றிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி தவறாமல் சொல்வது இதுதான்:

"இவரு தன்னோட பேச்சுரிமையை மக பேருக்கு எழுதி வச்சிட்டாரு."

அப்படியெல்லாம் இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றும். அதற்கும் கவிதாவைத்தான் கூப்பிட வேண்டும்.